அசையாமல் பிடிக்கவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த விளையாட்டைக் கேட்டு யாரும் வாங்கவில்லை. துபாயில் வேலை பார்த்த என் மைத்துனன் வாங்கி வந்தது ஒரு பிளாஸ்டிக் வில். அந்த வில்லின் நடுவே ஒரு குச்சியைச் செருக வேண்டும். குச்சியின் நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் உருண்டை, விதவிதமான நிறத்தில் எரியும். வில்லும் குச்சியும் வந்த அட்டைப்பெட்டியிலேயே, கூட ஒரு டிஸ்க்கும் இருந்தது. சோப்புத்தூள் வாங்கினால் ஸ்பூன் தருகிறார்களே, அப்படி.

"வில்லுக்கு ஆட்டம் ஃப்ரீயா, ஆட்டத்துக்கு வில்லு ஃப்ரீயாடா?" என்று என் மனைவி தன் தம்பியிடம் கேட்டாள். "ரெண்டும் ஒண்ணாதாங்க்கா வருது" என்று சமாளித்தான்.

டீவியில் மாட்டி ஆடுகிற விளையாட்டுப் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தது. என் மகள் பிளஸ் டூ முடித்தபோது அவன்தான் கொண்டுவந்து கொடுத்தான். அதில் அவள் ஒரு பெரிய ஆட்டத்தை ஒரு வருஷம் ஆடி முடித்திருந்தாள். வாள் வைத்திருக்கும் ஒருவன் பாழடைந்த ஊர் ஊராக அலைவான். அவனுக்குப் பின்னால் வில்லோடு நடந்துவரும் ஒரு துணை ஆள் உண்டு. பெரிய ஆட்டத்தில் அவனுக்கு மொத்தமே நாலு வசனம். இப்போது அவனை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, கோட்டை மதில்மேல் நிற்க வைத்து, வருகிறவன் போகிறவன் மேலெல்லாம் அம்பு விடச் சொல்லி ஒரு சின்ன ஆட்டம் பண்ணியிருந்தார்கள். வில்லை விற்க வேண்டும் என்பதற்காக அந்த ஆளுக்கு வந்த வாழ்வு அது.

அந்த வருஷம் வெளியூர்களில் கரண்ட் போனால் போனதுதான், எப்போது வரும் என்று தெரியாது. எங்கள் நிலக்கரிச் சுரங்க நகரியத்தில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதனால் மைத்துனன் லீவுக்கு வந்தால் சேத்தியாத்தோப்பில் அம்மா வீட்டில் இரண்டு நாள், எங்கள் குவார்ட்டர்ஸில் இருபது நாள். அக்காமேல் பாசம் என்று சொல்லிக்கொள்வான். எல்லாம் ஃபேன்மேல் இருந்த பாசம்.

நான் அப்போது மைன்ஸில் எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர். சுற்றும் சக்கரத்தில் வாளி வாளியாகக் கட்டிய பெரிய மிஷின், பூமியைப் படிப்படியாக வெட்டிக்கொண்டே போகும். வெட்டிய மண் பெல்ட்டில் ஏறி ஊர் தாண்டிப் போகும். அதன் கேபினில், தரையிலிருந்து மூன்று மாடி உயரத்தில், என் சீட். அந்தச் சீட்டுக்கு வர எனக்குப் பதினோரு வருஷம் ஆனது. கீழே கேபிள் இழுத்தேன், கிரீஸ் வைத்தேன், ஹெல்பராக நின்றேன். ஏறி உட்கார்ந்த பிறகு அதைவிட்டு இறங்கவே கூடாது என்று நினைத்தேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மிஷினில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் முடிந்தாலும் அடுத்த ஆள் வந்து சார்ஜ் எடுக்கும்வரை சீட்டைவிட்டு இறங்க முடியாது. வருகிறவன் முதலில் லாக் புக்கைப் படிப்பான். எந்த வாளியில் பல் தேய்ந்திருக்கிறது, எங்கே எண்ணெய் கசிகிறது, எந்தச் சத்தம் புதிது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். படித்துவிட்டு, "வேற கம்ப்ளைன்ட்?" என்று வாயாலும் கேட்பான். போகிறவன் "இல்ல" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் கையெழுத்துப் போடுவான். இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அடுத்தவன் எட்டு மணி நேரம் உட்காரப் போகிறான். என்னிடம் சார்ஜ் எடுக்கும் ஆபரேட்டர், நான் தம்பி என்று கூப்பிடுகிறவன், மந்தாரக்குப்பத்திலிருந்து பைக்கில் வருவான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். நான் எழுதியதை அவன் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. "அண்ணே எழுதிட்டா எழுதினதுதான்" என்பான். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும்.

இந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். வில் வந்த மூன்றாம் நாளே அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை. குச்சிக்குச் சார்ஜ் போடாமல் வைத்தது யார், பாதி ஆட்டத்தில் நிறுத்தியது யார் என்று. ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போட்டு டீவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஆடி முடித்தவர் என்ன நிலையில் விட்டார், என்ன கோளாறு என்று எழுத வேண்டும், அடுத்து ஆடுபவர் கையெழுத்துப் போட வேண்டும். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "வூட்டயும் மைன்ஸ் ஆக்கிட்டீங்களா? அடுப்புக்கும் ஒரு நோட்டு வச்சுடுங்க" என்றாள் மனைவி. ஆனால் மகள் எழுதத்தான் செய்தாள். என் மனைவிதான் கடைசிவரை அதில் பேனாவை வைக்கவில்லை. வைத்தது ஒரே ஒரு முறை, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆட்டம் தொடங்குமுன் காலிப்ரேஷன் என்று ஒரு சடங்கு இருந்தது. டீவிக்கு மேலே ஒரு சின்னக் கேமரா. வில்லை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அசையாமல் பிடிக்கவும் என்று இங்கிலீஷில் திரையில் எழுத்து வரும், நடுவில் ஒரு வெள்ளை வட்டம் மெல்ல நிரம்பும். முழுதாக நிரம்பினால்தான் மதில்மேல் ஆள் வருவான். மகளுக்கு மூன்று எண்ணுவதற்குள் நிரம்பிவிடும். மனைவி ஒரு கையில் கரண்டியை வைத்துக்கொண்டு மறு கையால் பிடித்தாள், அதற்கும் நிரம்பியது. "தோ பாரு, இதுக்குப் போயி அலட்டிக்கினு" என்றாள்.

என் முறை வந்தது. வட்டம் முக்கால்வாசி நிரம்பியது, பிறகு சட்டென்று காலியானது. மறுபடி முக்கால். மறுபடி காலி.

"அப்பா, அசையாம புடிங்கப்பா."

"அசையாமத்தான் புடிச்சிருக்கேன். உன் மாமன் வாங்கிட்டு வந்த லட்சணம் இது."

மைத்துனன் முகம் சுருங்கிப் போனது. எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும், அது ஊருக்கே தெரியும். நோட்டை எடுத்து எழுதினேன்: குச்சி காலிப்ரேஷன் எடுக்கவில்லை. கேமரா சந்தேகம். அதை எழுதும்போதே, எழுதுவது பொய் என்று எனக்குத் தெரியும்.

என் வலது கை பங்குனி மாதத்திலிருந்தே நடுங்கிக்கொண்டிருந்தது. முதலில் கட்டைவிரல். பிறகு மணிக்கட்டு. லீவரைப் பிடித்திருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, மிஷினே ஆடிக்கொண்டிருக்கும், அதோடு சேர்ந்துவிடும். சும்மா நீட்டினால்தான் தெரியும். கேன்டீனில் டீ கிளாஸை இடது கையால் எடுக்கப் பழகினேன். கையெழுத்தை டேபிளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போட்டேன். நாலு பேர் நடுவில் நிற்கும்போது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். தை மாதத்துக்குமேல் எனக்கு மெடிக்கல். சில வருஷத்துக்கு ஒரு முறை ஆபரேட்டர்களைக் கூப்பிட்டுக் கண், காது, கை, கால் எல்லாம் பார்ப்பார்கள். கையை நீட்டு என்பார்கள். நீட்டினால் அத்தோடு முடிந்தது. சர்ஃபேஸ் வேலை கொடுப்பார்கள். ஸ்டோரிலோ ஆபீஸிலோ உட்கார்ந்து சீட்டு கிழிக்க வேண்டும். சம்பளம் நிற்காது, குவார்ட்டர்ஸ் போகாது, பெண் படிப்புக்கும் ஒன்றும் ஆகாது. சீட் மட்டும் போய்விடும். அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆகவே நான் குச்சியை ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது மூன்று வாரம் அதே வேலையாகத் திரிந்தேன். முதலில் கேமராமேல் கரித்தூள் படிந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். எங்கள் ஊரில் துணி காயப்போட்டாலே தூள் படியும், கேமராவில் படியாதா? துடைத்தேன். வட்டம் முக்கால். டியூப் லைட் உருண்டையின் வெளிச்சத்தைக் கெடுக்கிறது என்று விளக்கை அணைத்தேன், ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன். முக்கால். ஃபிரிட்ஜ் ஓடும்போது டீவி ஸ்டாண்ட் அதிர்கிறது என்று ஸ்டாண்டுக்கு அடியில் கன்வேயர் பெல்ட்டின் பழைய ரப்பர் துண்டு வைத்தேன். அதற்கும் முக்கால்தான்.

கடைசியில் பிளாஸ்டிங்மேல் பழி போட்டேன். மைன்ஸில் கெட்டிப் பாறையை வெடி வைத்துத்தான் தளர்த்துவார்கள். வெடிக்கிற நேரத்தில் சில பிளாக்குகளில் ஜன்னல் கண்ணாடி கிர்ரென்று சொல்லும். அந்த அதிர்வு தரைக்குள் ரொம்ப நேரம் நிற்கும், நமக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும் என்று மகளிடம் விளக்கினேன். அவள் இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம்.

"அப்ப எனக்கு மட்டும் எப்படிப்பா ரொம்புது?"

"நீ வெடிக்காத நேரத்துல ஆடறே."

"நான் இப்பத்தானப்பா ஆடினேன்."

"எதிர்த்துப் பேசாத" என்று கத்திவிட்டேன். இத்தனை வருஷம் மிஷினோடு வாழ்ந்தவன், பூமி ஆடுகிறது என்று சாதித்தேனே தவிர, கை ஆடுகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் இப்படி ஒரு சாக்கு கிடைத்திருக்காது.

நோட்டில் என் எழுத்து பக்கம் பக்கமாக நீண்டது. கேமரா துடைக்கப்பட்டது, பலன் இல்லை. ரப்பர் வைக்கப்பட்டது, பலன் இல்லை. பிளாஸ்டிங் நேரம் தவிர்க்கப்பட்டது, பலன் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே மகள் மறுக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாள். மைத்துனன் ஊருக்குப் போகும்போது, "வேற பீஸ் மாத்திக் குடுத்துடறேன் மாமா" என்று பாவமாகச் சொல்லிவிட்டுப் போனான். அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கார்த்திகை பிறந்து ஒரு நாள், எனக்கு ரெண்டாவது ஷிஃப்ட். காலையில் வீட்டில் நான் மட்டும். மனைவி மார்க்கெட் போயிருந்தாள், மகள் காலேஜ். வெளியே மழை. நான் வில்லிலிருந்து குச்சியை உருவினேன். கருவிப் பெட்டியிலிருந்து குழாயை இறுக்கும் ஒரு ஹோஸ் கிளிப்பை எடுத்தேன். டீவிக்கு நேரே ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் காலோடு குச்சியை வைத்து இறுக்கி, பொத்தானை மட்டும் அமுக்கினேன். வட்டம் நிரம்பியது. நிற்கவே இல்லை, ஒரே மூச்சில் முழுதாக நிரம்பியது. மதில்மேல் அந்த நாலு வசனக்காரன் வந்து நின்றான். எதிரிகள் ஏணி போட்டு ஏறிவந்து அவனைக் கொன்றுவிட்டுப் போகும்வரை நான் சோபாவில் உட்கார்ந்தே இருந்தேன்.

மிஷினில் ஒரு கோளாறை இப்படித்தான் கண்டுபிடிப்போம். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கடைசியில் மிச்சம் நிற்பதுதான் கோளாறு. நான் எல்லாவற்றையும் ஒதுக்கியாகிவிட்டது. கிளிப்பைக் கழற்றி, குச்சியை வில்லில் செருகி, ஸ்டூலை அதன் இடத்தில் வைத்தேன். நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. அந்த நோட்டில் நான் எழுதாமல் விட்டது அதுதான் முதல் முறை.

அன்றைக்கு ஷிஃப்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மிஷின் வெட்டும் மண்சுவர், வெட்டு முகம் என்போம், மழையில் ஊறிப்போயிருந்தது. சக்கரத்தை ஓரத்துக்கு மெல்லக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய இடத்தில், என் கை லீவரில் ஒரு துடிப்புத் துடித்தது. சக்கரம் வேண்டியதைவிட ஒரு சாண் உள்ளே போய்க் கடித்தது. மேலிருந்து ஒரு மண் கட்டி, மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு இருக்கும், பெயர்ந்து கீழே விழுந்தது. சிந்திய மண்ணை வாரிப்போடும் கான்ட்ராக்ட் ஆள் ஒருவன் அங்கே நின்றிருந்தான். அவனுக்கும் கட்டிக்கும் நடுவே பத்தடி இடைவெளி. அவன் அண்ணாந்து பார்த்தான். ஒன்றும் இல்லை என்பதுபோல் கையை ஆட்டினான், ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். மழையில் ஊறிய மண் கட்டி தானாகப் பெயர்ந்து விழுந்தது என்று அவன் நினைத்திருப்பான். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஐயோ கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னேன். கேபினில் கேட்க ஆள் இல்லை. மிச்ச ஷிஃப்ட் முழுக்க லீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். தம்பி வந்து லாக் புக்கைப் பார்த்தான். மண் கட்டி விழுந்ததைப் பற்றி நான் எழுதியிருந்தேன், மழைதான் காரணம் என்று.

"வேற கம்ப்ளைன்ட் எதுனா இருக்குங்களாண்ணே?"

"இல்ல" என்றேன். கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் எனக்கு ஷிஃப்ட் மாற்றம். அதற்கு அடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் போனால் போதும், ஒரு பகல் முழுக்க ஓய்வு. சாயந்திரம் டீவிக்குப் பக்கத்தில் போனேன், நோட்டு திறந்திருந்தது. மகளின் எழுத்துக்குக் கீழே புதிதாக ஒரு எழுத்து. கோணல்மாணலாக, கோட்டைத் தாண்டி. என் மனைவியின் எழுத்து. அவள் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள்.

குச்சி நல்லாத்தான் இருக்குது. பங்குனிலேர்ந்து டம்ளர்ல முக்காலுக்குத்தான் காப்பி ஊத்திகினு வர்றேன். நீங்க பாக்கல.

அடுக்களைக்குப் போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக என் டம்ளர் ஏன் தளும்பவில்லை என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் சொல்லல நீ?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், வேறு விதமாகக் கேட்க எனக்குத் தெரியாது.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்." திரும்பாமலேயே சொன்னாள். "எங்கிட்ட சொல்லாட்டி போவுது. அங்க கீழ நிக்கிறானே, அவனுக்கும் ஒரு வூடு இருக்குதுல்ல."

நேற்று விழுந்த மண் கட்டியைப் பற்றி நான் அவளிடம் மூச்சு விடவில்லை. அவளாகவே சொன்ன பேச்சு அது. அரிசி டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. அவள் வெங்காயத்தை நிறுத்தவில்லை. ஒரு டம்ளர் காப்பி போட்டு, அன்றைக்கு மட்டும் தளும்ப ஊற்றிக் கொடுத்தாள். பாதி என் வேட்டியில் கொட்டியது. "கொட்டட்டும் விடுங்க" என்றாள்.

மறுநாள் முதல் ஷிஃப்ட். ஆறு மணிக்கே ஷிஃப்ட் ஆபீஸில் இருந்த இஞ்சினியரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கடைசியாக ஒரு ஷிஃப்ட் ஓட்ட வேண்டும் என்ற ஆசை. இது தப்பு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். கீழே யாரும் நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஓரங்களுக்கே போகாமல், நடு முகத்தில் மட்டும் மெல்ல வெட்டினேன். மழை விட்டிருந்தது. பெல்ட்டில் மண் சீராகப் போனது. அன்றைய வெட்டைப் பார்த்தால் பழகுகிறவன் வெட்டிய மாதிரி இருக்கும்.

ரெண்டு மணிக்குத் தம்பி ஏணியில் ஏறி வந்தான். அதற்குள் லாக் புக்கை எழுதி வைத்திருந்தேன். முழங்கையை ஊன்றாமல் எழுதினேன். மூன்றாம் வாளி பல் தேய்மானம். கியர் எண்ணெய் அளவு சரி. நேற்று முன்தினம் மண் கட்டி விழுந்ததற்கு மழை காரணம் அல்ல. ஆபரேட்டர் வலது கை நடுக்கம், எட்டு மாதமாக.

அவன் படித்தான். மறுபடி மேலிருந்து படித்தான்.

"இத எதுக்குண்ணே எழுதறீங்க?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். கேபினில் நாங்கள் இரண்டு பேர்தான். "இந்தப் பக்கத்த நான் கிழிச்சுடறேன். யாருக்கும் தெரியாது. மெடிக்கல் வரைக்கும் நான் முன்னாடியே வந்து ஓரமெல்லாம் வெட்டித் தந்துடறேன். நான் இருக்கேன்ண்ணே."

அவன் அதைச் செய்திருப்பான். அதுதான் என்னை இன்னும் பயப்பட வைத்தது.

"கம்ப்ளைன்ட்ட கிழிச்சா மிஷின் சரியாயிடுமாடா?" என்றேன். "கையெழுத்துப் போடு."

"அண்ணே…"

"போடுறா. நீ போட்டாத்தான் நான் எறங்க முடியும்."

அவன் பேனாவை எடுத்தான். பிறகு குனிந்து, நான் எழுதியதற்குக் கீழே, வழக்கமான இடத்தில் கையெழுத்துப் போட்டான். புத்தகத்தை மூடினான். நான் சீட்டிலிருந்து எழுந்தேன், அவன் உட்கார்ந்தான். என் உடம்புச் சூடு சீட்டில் இருந்திருக்கும். லீவரில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, பழக்க தோஷத்தில் கேட்டான்.

"வேற கம்ப்ளைன்ட்?"

"இல்ல" என்றேன்.

பங்குனியிலிருந்து அந்தப் பதிலை அவனுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். உண்மையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.